பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் பண்ணும் (நேரம் பதிந்து பார்க்கும்) முன்: கொழும்பில் ஒரு வைத்தியரின் பின்னணியைப் படிக்கும் வழி

என் தங்கச்சியின் மகளுக்கு நாலு வயதில் கேத்தல் சுடுதண்ணீர் வலது கையில் கவிழ்ந்துவிட்டது. புண் ஆறியது, ஆனால் ஆறிய விதம் சரியில்லை. ஐந்தாறு மாதத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கத் தொடங்கின. முதலில் கூட்டிப்போனது காலி வீதியில் ஓர் இடம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, சுவரில் வரிசையாகச் சான்றிதழ்கள், பலகையில் 'காஸ்மெடிக் சேர்ஜன்'. எட்டுத் தடவை லேசர் அடித்தால் சரியாகும் என்றார்கள். இரண்டு தடவைக்குக் காசு கட்டியாயிற்று. மூன்றாவதுக்கு முன் வெள்ளவத்தையில் எங்கள் குடும்ப டொக்டரிடம் வேறு ஏதோ காய்ச்சலுக்குப் போனபோது, அவர் பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தழும்பு இல்லை பிள்ளை, இறுக்கம். வெட்டித்தான் விடுவிக்க வேணும். பிளாஸ்டிக் சேர்ஜனிட்டக் காட்டுங்கோ."

பிளாஸ்டிக் சேர்ஜன் என்றால் மூக்கை நேராக்குகிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். யாரிடம் போவது, அவர் உண்மையில் என்ன படித்தவர், இந்தக் கைக்கு ஏற்றவரா என்று தேடியதில் மூன்று மாதம் போனது. நீங்கள் அதை ஒரு வாரத்தில் முடிக்க முடியும். நான் தேடிய ஒழுங்கில் அல்ல, தேடியிருக்க வேண்டிய ஒழுங்கில் எழுதுகிறேன்.

அவசரம் என்றால் இதை மூடிவிட்டு ஓடுங்கள்

பின்னணி பார்ப்பதெல்லாம் நேரம் இருக்கிறவர்களுக்கு. தீக்காயமோ சுடுநீர்க் காயமோ பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். காயம் பட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தாலும் அதற்குப் பலன் உண்டு. பற்பசை, பட்டர், முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். ஐஸ் வைக்கவும் கூடாது. (நாங்கள் பற்பசை பூசினோம். பக்கத்து வீட்டு அன்ரி கொண்டுவந்து தந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, நாங்களும் பூசத்தானே விட்டோம்.)

விரல் துண்டாகிவிட்டால், துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். தசை இல்லாத விரலுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. முன்கை, முழங்கை மட்டத்தில் துண்டானால் ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்தம் ஓடச் செய்ய வேண்டும் என்பதுதான் பொதுக்கணக்கு. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கொழும்பில் பெரியவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு, சின்னப் பிள்ளைகளுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே. அங்கே அன்றைக்கு யார் கடமையில் இருக்கிறாரோ அவர்தான் உங்கள் டொக்டர்.

மற்றபடி நேரம் இருக்கிறது என்றால், வாருங்கள்.

முதல் படி: ஆளைத் தேடுமுன் பிரச்சினைக்குப் பெயர் வையுங்கள்

'பிளாஸ்டிக்' என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. வனைவது, உருக்கொடுப்பது என்று பொருள். நம் வாளி, கதிரைப் பிளாஸ்டிக்கோடு இந்தத் தொழிலுக்குத் தொடர்பில்லை. அந்தப் பொருள் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே பண்டைய இந்திய வைத்தியர் சுசுருதர் பெயரில் வழங்கும் நூலில் அறுந்த மூக்கைச் சீராக்கும் முறை எழுதப்பட்டிருக்கிறது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வனையும் இந்திய முறை 1794இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் வந்த பிறகுதான் ஐரோப்பா அதை எடுத்துக்கொண்டது. முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படையினருக்காகச் சேர்ஜன் ஹரோல்ட் கில்லீஸ் இங்கிலாந்தின் சிட்கப்பில் செய்த வேலையிலிருந்து இன்றைய துறை வளர்ந்தது. அழகுக்காகச் செய்வது இதில் ஒரு கிளைதான். அடிமரம் சீரமைப்பு.

அந்த அடிமரத்திலும் கிளைகள் பல. தீக்காயத் தழும்பின் இறுக்கம், கையில் வெட்டுண்ட நாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்), உதட்டுப் பிளவு, புற்றுநோய் வெட்டியெடுத்த தாடைக்கு எலும்பு வைப்பது, மார்பு மீளமைப்பு, நீரிழிவுப் புண்ணை மூடுவது எல்லாம் ஒருவரே செய்யக்கூடியவை. ஆனால் எல்லாவற்றையும் ஒருவரே நன்றாகச் செய்வதில்லை. பல இடங்களில் வேறு துறையினரும் இதே வேலையைச் செய்கிறார்கள். முக எலும்பு முறிவு என்றால் வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சை நிபுணர்தான் முதல் ஆள். கண்ணிமை என்றால் அதற்கெனப் பயின்ற கண் வைத்தியர் இருக்கிறார். மூக்கு உள்ளே அடைத்து வெளியே கோணியிருந்தால் காது மூக்குத் தொண்டை நிபுணரையும் கேட்க வேண்டும். முகப்பரு வடு, கருமை, லேசர் எல்லாம் தோல் வைத்தியரின் பக்கம்.

எனவே முதலில் உங்கள் குடும்ப டொக்டரிடம் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது எந்தத் துறை?" அவர் எழுதித் தரும் கடிதத்தில் அந்தப் பிரச்சினையின் பெயர் இருக்கட்டும். எங்கள் கடிதத்தில் இருந்த பெயர் 'தீக்காயத்துக்குப் பின்னான தோல் இறுக்கம்'. அந்தச் சொல் கைக்கு வந்த பிறகுதான் எங்கள் தேடல் தேடலானது. அதுவரை 'தழும்பு போக்க' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். தழும்பு போக்க என்று கேட்டால் லேசர் விற்கிறவர்தான் வருவார்.

இரண்டாம் படி: மருத்துவச் சபைப் பதிவு

இது ஐந்து நிமிட வேலை. இலங்கையில் மேலைத்தேய வைத்தியம் செய்யும் எவரும் இலங்கை மருத்துவச் சபையில், அதாவது எஸ்.எல்.எம்.சி.யில், பதிந்திருக்க வேண்டும். சபையின் இணையதளத்தில் பெயரையோ பதிவு இலக்கத்தையோ இட்டுத் தேடலாம். மருந்துத் துண்டில் குத்தும் ரப்பர் முத்திரையைப் பாருங்கள், பெரும்பாலும் இலக்கம் அதிலேயே இருக்கும். இலக்கத்தால் தேடுவதே நல்லது. நம் நாட்டில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். தலைப்பெழுத்துகளோ ஆளுக்கு ஆறேழு.

ஒன்றை நினைவில் வையுங்கள். பொதுப் பதிவு இருந்தால் அவர் வைத்தியர். அவ்வளவுதான். அது அவரைச் சத்திரசிகிச்சை நிபுணராக்காது. நிபுணராகப் பதிந்தவரா என்பதையும் சபையிடமே கேளுங்கள். காலி வீதி ஆளுக்கும் பதிவு இருந்தது. பொய் வைத்தியர் இல்லை. அவர் கற்றது வேறு, பலகை சொன்னது வேறு.

மூன்றாம் படி: பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நான் நன்றாகவே விழுந்தேன். அதனால் கொஞ்சம் நிதானமாக.

எம்.பி.பி.எஸ். அடிப்படைப் பட்டம். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது, யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல். இலங்கையில் எங்கே படித்தாலும் ஐந்து வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இத்தோடு ஒருவர் முழு வைத்தியர். ஆனால் நிபுணத்துவம் இன்னும் தொடங்கவில்லை.

அடுத்தது எம்.டி. இந்த இரண்டு எழுத்தில்தான் பொறி. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், எல்லாரும் பி.ஜி.ஐ.எம். என்று சொல்வது, வழங்கும் 'எம்.டி. சத்திரசிகிச்சை' என்பது பல வருடப் பயிற்சிக்கும் கடும் பரீட்சைக்கும் பின் வருவது. ஆனால் ரஷ்யா போன்ற சில நாடுகளில் அடிப்படைப் பட்டத்துக்கே எம்.டி. என்றுதான் பெயர். நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம். ஆகவே வெறும் 'எம்.டி.' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தத் துறையில், எந்த நிறுவனத்தில் என்று கேளுங்கள். மூத்த சேர்ஜன்மாரின் பெயருக்குப் பின்னால் 'எம்.எஸ்.' இருக்கும். அது இங்கே முன்பு வழங்கிய சத்திரசிகிச்சைப் பட்டம். குழம்ப வேண்டாம்.

எம்.டி. முடித்தவர் பொதுச் சத்திரசிகிச்சை கற்றவர். பிளாஸ்டிக் சேர்ஜனாக, அதற்கும் மேல் அந்தத் துறையிலேயே சீனியர் ரெஜிஸ்ட்ராராக, அதாவது மூத்த பயிற்சி வைத்தியராக, பயிற்சி பெற வேண்டும். அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். பிறகு பி.ஜி.ஐ.எம். அவரை அந்தத் துறையின் நிபுணராகச் சான்றுபடுத்தும். 'போர்ட் சேர்ட்டிபைட்' என்று இலங்கையில் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். மருத்துவ பீடத்துக்குள் போன நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய பதினைந்து வருடம். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், முப்பது வயதில் 'பதினைந்து வருட அனுபவமுள்ள அழகுச் சத்திரசிகிச்சை நிபுணர்' என்று விளம்பரம் வரும்போது சிரிப்பு வரும்.

வெளிநாட்டு எழுத்துகளில் எம்.ஆர்.சி.எஸ். என்பது பிரித்தானியாவில் சத்திரசிகிச்சைப் பயிற்சியின் தொடக்கக் கட்டப் பரீட்சை. நல்ல பரீட்சை, ஆனால் அது வாசற்படி. எப்.ஆர்.சி.எஸ்.ஸில் இரண்டு வகை இருக்கிறது. பழைய காலத்தது துறைப் பயிற்சிக்கு முன் எழுதுவது. இன்றையது துறைப் பயிற்சியின் முடிவில் எழுதுவது. அதில் எந்தத் துறை என்று எழுத்துகளோடு சேர்ந்தே வரும், பிளாஸ்டிக் என்றால் 'பிளாஸ்ட்' என்று. இந்தியாவிலிருந்து வந்தால் 'எம்.சிஎச். பிளாஸ்டிக் சேர்ஜரி' தேட வேண்டிய பட்டம்.

பெலோஷிப், ஒப்சர்வர்ஷிப் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். முதலாவதில் பொதுவாக ஒப்பரேஷன் மேசையருகே நின்று தானும் வேலை செய்திருப்பார். இரண்டாவதில் ஓரமாக நின்று பார்த்திருப்பார். 'லண்டனில் பயிற்சி' என்பது இரண்டுக்கும் பொருந்தும் சொல். 'அழகியல் மருத்துவ டிப்ளோமா' என்றால் ஊசி, லேசர், கிரீம் வகை. அதை வைத்து யாரும் கத்தி எடுக்கக்கூடாது. 'உறுப்பினர்' என்று வரும் சங்கங்களில் சில பரீட்சை வைத்துச் சேர்ப்பவை, சில சந்தா கட்டினால் சேர்ப்பவை.

'காஸ்மெடிக் சேர்ஜன்' என்ற பட்டம் தனியாக எந்தத் துறையையும் குறிப்பதில்லை. இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் இந்தப் பெயரை வைத்து நடந்த குளறுபடிகளுக்குப் பிறகு, 2023இல் 'சேர்ஜன்' என்ற சொல்லை உரிய சத்திரசிகிச்சைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே போட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்தையே மாற்றினார்கள்.

வெளிநாட்டுப் பதிவு இருப்பதாகச் சொன்னால் சரிபார்க்கவும் வழி உண்டு. பிரித்தானியப் பொது மருத்துவ மன்றமும் ஆஸ்திரேலியாவில் வைத்தியர்களைப் பதியும் நிறுவனமான ஆப்ராவும் பதிவேட்டை எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. பதிவோடு நிபுணத்துவத் துறையும் அதில் தெரியும்.

நான்காம் படி: காலையில் அவர் எங்கே நிற்கிறார்?

எனக்கு மிகவும் உதவிய கேள்வி இதுதான், இதை யாரும் சொல்லித் தரவில்லை. நம் நாட்டில் அரச சேவையிலுள்ள நிபுணர்கள் பகலில் அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்து, பின்னேரம் தனியார் இடங்களில் நோயாளரைப் பார்க்கிறார்கள். பின்னேரம் நீங்கள் நரகேன்பிட்டியில் சனல் பண்ணிப் பார்க்கும் அதே சேர்ஜன், காலையில் எந்த வாட்டில் ரவுண்ட் போகிறார் என்று கேளுங்கள். அந்த வாட்டில் என்ன வகை நோயாளர்கள் படுத்திருக்கிறார்கள் என்பதே அவர் கை எதில் பழகியது என்பதற்கான அத்தாட்சி.

தேசிய வைத்தியசாலையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. லேடி ரிட்ஜ்வேயில் சிறுவர்களின் தீக்காயமும் சீரமைப்பும். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை அதற்குப் பெரிய காரணம். அதனால் அறுத்த தாடையையும் கன்னத்தையும் மீளக் கட்டும் வேலை இந்த ஊரில் குறைவதே இல்லை. காலிலிருந்து எலும்பை இரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையில் வைத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் தலைமயிரிலும் மெல்லிய நூலால் குழாயைத் தைக்கிறார்கள். அப்படிப் பழகிய கை வேறு, கொழுப்பு உறிஞ்சுவதில் பழகிய கை வேறு. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று சொல்லவில்லை. உங்களுக்கு எது தேவையோ அதுதான் கேள்வி.

யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் கொழும்புக்கு வந்துதான் காட்ட வேண்டும் என்று நினைத்தால், யாழ் போதனா வைத்தியசாலையிலும் பிளாஸ்டிக் பிரிவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சீரமைப்பு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். வரிசை நீளம், அது உண்மை. ஆனால் 'இலவசம் என்றால் கற்றுக்குட்டி செய்வார்' என்ற பேச்சு வெறும் பேச்சு. தனியாரில் லட்சக்கணக்கில் வாங்கிச் செய்கிறவரும் பல நேரம் அதே ஆள்தான்.

ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. டொக்டர் விஜய கொடகும்புர என்ற நம் நாட்டுச் சேர்ஜன், மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்குக் கவிழ்ந்து எரிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, கவிழாத, தடித்த, திருகு மூடியுள்ள குட்டை விளக்கு ஒன்றை வடிவமைத்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வாட்டில் படுத்திருப்பவர்கள் ஒரு வைத்தியரின் கையை மட்டுமல்ல, புத்தியையும் பழக்குகிறார்கள்.

ஐந்தாம் படி: உள்ளே கிடைக்கும் பத்து நிமிடம்

சனல் பண்ணினால் உங்கள் இலக்கம் 23, ஏழு மணி என்பார்கள், ஒன்பதரைக்குக் கூப்பிடுவார்கள். உள்ளே பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். தங்கச்சி கேட்டவை, கேட்க மறந்தவை இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

"டொக்டர், இந்த ஒப்பரேஷன் நீங்கள் வழமையாகச் செய்கிறதா? கடைசியாக எப்போது செய்தீர்கள்?" 'பிளாஸ்டிக் சேர்ஜரி எத்தனை வருடம்' என்று கேட்காதீர்கள். இதையே கேளுங்கள்.

"வெட்டாமல் வழி இருக்கா?" நல்ல சேர்ஜன் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர். நாங்கள் போனவர் பிள்ளையின் கையைப் பிடித்து, விரலை மெல்ல நிமிர்த்தப் பார்த்து, தோல் வெளிறுவதைக் காட்டினார். பிறகு காகிதத்தில் ஆங்கில 'இசட்' போல ஒரு கோடு கீறி, இரண்டு முக்கோணத் தோலை இடம் மாற்றித் தைத்தால் நீளம் எப்படிக் கூடுகிறது என்று விளக்கினார். சிறு இறுக்கத்துக்கு அது போதும், இவளுக்குப் போதாது, இடுப்பு மடிப்பிலிருந்து முழுத்தடிப்புத் தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்றார். அந்தக் காகிதத்தைத் தங்கச்சி இன்னும் வைத்திருக்கிறாள்.

தோலை மட்டும் எடுத்து வைப்பது ஒட்டு. அது வைத்த இடத்தின் இரத்தத்தை உறிஞ்சிப் பிழைக்க வேண்டும். தன் இரத்தக்குழாயோடு சதையும் சேர்ந்து வருவது பிளாப். எலும்போ நாணோ வெளியே தெரிந்தால் ஒட்டு பிடிக்காது, பிளாப்தான் வேண்டும். உங்களுக்கு ஏன் இது, ஏன் மற்றது இல்லை என்று கேட்டால், தெரிந்தவர் இரண்டு வசனத்தில் சொல்வார்.

"உங்கள் கையில் இது சரிவராமல் போனது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். ஒன்றுமே பிழைத்ததில்லை என்கிறவர் குறைவாகச் செய்தவர், அல்லது மறைக்கிறவர். எங்கள் டொக்டர் கோபிக்கவில்லை. ஒட்டிய தோல் ஓரத்தில் பிடிக்காமல் போகலாம், பிள்ளை வளர வளர எலும்பு நீளும், ஒட்டு அதே வேகத்தில் நீளாது, பத்துப் பன்னிரண்டு வயதில் திரும்பவும் செய்ய வேண்டி வரலாம் என்று அவராகவே சொன்னார். காலி வீதியில் எட்டுத் தடவை என்று உறுதி தந்தார்கள். இங்கே இன்னொரு தடவையும் வரலாம் என்றார். நாங்கள் இரண்டாமவரை நம்பினோம்.

நம்மவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது தடித்து வளரும் தழும்பு, கீலோயிட். கறுத்த, மாநிறத் தோலில் இது அதிகம். காது குத்திய இடத்தில், நெஞ்சில், தோளில் உருண்டையாக வளர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். இடது கையிலுள்ள பி.சி.ஜி. ஊசித் தழும்பு தடித்திருந்தால் அதைக் காட்டுங்கள், நீங்களாகவே. கீலோயிட்டை வெறுமனே வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும், சில நேரம் முன்பை விடப் பெரிதாக. வெட்டிய பின் ஊசியோ வேறு சிகிச்சையோ என்ன திட்டம் என்று கேளுங்கள்.

புகை பிடிக்கிறவரா என்று சேர்ஜன் கேட்காவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும். நிக்கொட்டின் சிறு குழாய்களைச் சுருக்கும், ஒட்டும் பிளாப்பும் கருகலாம். குறைந்தது நாலு வாரம் முன்னும் பின்னும் நிறுத்தச் சொல்வார்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதில் அடக்கம், அதை யாரும் 'புகை' என்று எண்ணுவதில்லை.

அப்புறம் மொழி. சேர்ஜன் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ விளக்கினால், அந்த மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். இல்லையென்றால் வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள். மிஸ்மார் (தாதிமார்) அவசரப்படுத்துவார்கள். அவசரப்படட்டும்.

ஆறாம் படி: படங்களைப் பார்க்கும் கண்

'முன், பின்' படங்கள் காட்டினால் மூன்று விஷயம் பாருங்கள். வெளிச்சமும் கோணமும் இரண்டிலும் ஒன்றா? முகபாவம் ஒன்றா? 'பின்' படம் எத்தனை மாதம் கழித்து எடுத்தது? தழும்பு முதிர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். மூன்றாம் வாரப் படம் ஒன்றையும் சொல்லாது. உங்கள் தோல் நிறத்தவரின் படம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இணையத்திலிருந்து எடுத்த வெள்ளைக்காரர் படத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

ஏழாம் படி: ஆள் சரி, இடம் சரியா?

தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிய வேண்டும். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவை அதைப் பார்க்கிறது. பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள்.

மயக்க மருந்து கொடுப்பது யார்? உணர்விழப்பு நிபுணரா, அல்லது சேர்ஜனே ஊசியும் போட்டுக் கத்தியும் பிடிக்கிறாரா? இரவில் இரத்தம் கசிந்தால் அந்தக் கட்டடத்தில் யார் இருப்பார், தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இல்லையென்றால் எங்கே கொண்டுபோவார்கள்? பெரிய அளவில் கொழுப்பு உறிஞ்சுவதையும் பிட்டத்தில் கொழுப்பு ஏற்றுவதையும் மேல்மாடி அறைக்குள் செய்வதாகச் சொன்னால் வேண்டாம். பிட்டத்துக் கொழுப்பு ஊசி தசைக்குள் போய்ப் பெரிய நாளத்தில் கலந்தால் உயிரே போகலாம். அழகுச் சத்திரசிகிச்சைகளிலேயே அதிக ஆபத்தான ஒன்று அது.

உடலுக்குள் சிலிக்கோன் வைப்பதானால் அதன் பெயர், வகை, தொடர் இலக்கம் உள்ள அட்டையை வாங்கி வையுங்கள். 2010இல் பிரான்ஸின் பி.ஐ.பி. மார்பு உள்வைப்புகளில் தொழிற்சாலைத் தரச் சிலிக்கோன் இருந்தது தெரியவந்தது. 2019இல் அலர்கன் நிறுவனம் ஒரு வகைச் சொரசொரப்பு உள்வைப்பை உலகமெங்கும் மீளப் பெற்றது. அப்போது அட்டை வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே தங்களுக்குள் இருப்பது எது என்று உடனே தெரிந்தது.

எட்டாம் படி: காசு

சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்: சேர்ஜன், உணர்விழப்பு, தியேட்டர், அறை, மருந்து, கட்டு மாற்றுதல் தனித்தனியாக. திரும்பச் செய்ய வேண்டி வந்தால் யார் கட்டுவது என்பதையும். 'இன்றைக்கே முற்பணம் கட்டினால் கழிவு' என்று சொல்லும் இடம் துணிக்கடை, ஆஸ்பத்திரி அல்ல.

ஒன்பதாம் படி: வெட்டிய பிறகு யார்?

பின்னணியைப் பார்க்கும்போது நாங்கள் முற்றாக மறந்தது இது. ஒப்பரேஷன் ஒன்றரை மணித்தியாலம். அதற்குப் பின் வேலை ஒன்றரை வருடம். ஒட்டு பிடித்த பிறகு இரவில் போட ஒரு தாங்கி, விரலை நிமிர்த்திப் பிடிப்பது. தழும்பு தடிக்காமல் அழுத்தக் கையுறை. தினமும் தைலமிட்டுத் தேய்த்தல். கைப்பயிற்சி. இதற்கெல்லாம் தொழில்வழிச் சிகிச்சையாளர் வேண்டும். சேர்ஜனோடு சேர்ந்து வேலை செய்யும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். கைக்காயத்தில் பாதி வெற்றி அவர் கையில்தான். நாண் தைத்த விரலைச் சரியான நாளில் அசைக்கத் தொடங்காவிட்டால் நாண் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். முந்தி அசைத்தால் அறும்.

நுணுக்குத் தையலோடு பிளாப் வைத்தால் முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். நிறம் வெளிறுகிறதா, நீலம் பாய்கிறதா என்று மணிக்கொரு தடவை பார்க்க ஆள் வேண்டும். பிழைத்தால் உடனே திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். இதனால்தான் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ச் செய்கிறவர்களிடம் நான் சொல்வது: அங்கே மிகத் திறமையான இடங்கள் இருக்கின்றன, கைச் சீரமைப்பில் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி உலகறிந்தது. போங்கள். ஆனால் போகுமுன், திரும்பி வந்த பிறகு இங்கே உங்களைப் பார்க்கச் சம்மதிக்கும் ஒரு சேர்ஜனின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவது ஆளிடம் கேட்பது

பெரிய ஒப்பரேஷன் என்றால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். முதல் டொக்டர் கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம். முன்பு ஏதாவது வெட்டியிருந்தால் அந்த ஒப்பரேஷன் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எங்கிருந்து தோல் எடுத்தார்கள், எந்தக் குழாயைக் கட்டினார்கள் என்பது தெரியாமல் அடுத்தவரால் திட்டம் போட முடியாது. கிளினிக் கொப்பியை மழையில் நனையவிடாமல் பொலித்தீன் உறையில் வையுங்கள். படங்களைத் திகதியோடு போனில் ஒரு தனி அல்பமாக வையுங்கள், ஒரே மேசை, ஒரே யன்னல் வெளிச்சம். பெறாமகளின் அல்பத்தில் இப்போது நாற்பத்தொரு படம். கடைசிப் படத்தில் ஐந்து விரலும் மேசையில் தட்டையாகக் கிடக்கின்றன, சுண்டுவிரல் மட்டும் நுனியில் கொஞ்சம் தூக்கி. அதை டொக்டரிடம் காட்டியபோது, "இதை இப்ப தொட வேண்டாம், தாங்கியை மட்டும் விடாமல் போடுங்கோ" என்று கொப்பியில் ஆறு மாதம் கழித்து ஒரு திகதி எழுதித் தந்தார்.